இரண்டாவது வீடு

தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்யும் பக்கத்தில்
என் எண்ணின் கடைசி இலக்கம் நான்கு.
அதை ஐந்தாக்கினேன்.
வேறெதுவும் செய்யவில்லை.
கடவுச்சொல் கேட்கவில்லை,
உடைப்பதற்கு அங்கே ஒரு பூட்டும் இல்லை.
ஐந்தாம் வீடு அப்படியே வந்து நின்றது திரையில்:

ஞானசவுந்தரி. காலடிப்பேட்டை, இரண்டாவது சந்து.
ஆறு குடம். கைபேசி எண்.
குறிப்பு: தனியாக வசிப்பவர். காது மந்தம்.
கதவு தாழிட்டிருக்காது, தள்ளித் திறக்கவும்.

நல்ல மனசுக்கார ஊழியன் யாரோ
இரக்கப்பட்டுத் தட்டிய வரி.

ஆறை நான் தொடவில்லை.
ஆறுக்குப் பின்னே எண்ணூர் வரைக்கும்
எத்தனை வீடு, எத்தனை குறிப்பு.
இரண்டோடு நிறுத்துவதுதான் இந்த வேலை.
விரல் அரித்தது. இல்லையென்றால் பொய்.

மணலிப் பக்கமிருந்து அந்த வாடை வந்தது.
சன்னலைச் சாத்திவிட்டு
'மதிப்பிற்குரிய ஐயா' என்று அறிக்கையைத் தொடங்கினேன்.
சரிசெய்யத் தொண்ணூறு நாள்.
அதுவரை வெளியே மூச்சு விடுவதில்லை.
எங்கள் தொழிலின் வழக்கம் அது, சட்டமல்ல.
சட்டத்தில் எனக்குப் பெயர் வேறு.

பதினேழாம் நாள் கோட்டைக்குக் கூப்பிட்டார்கள்,
வரைவுக் கொள்கையின் பதினான்காம் பிரிவுக்குக்
கருத்துச் சொல்ல.
மெட்ரோவில் உயர் நீதிமன்றத்தில் இறங்கி
வெயிலில் நடந்தேன்.
'வல்லுநர்: ஆரோக்கியசெல்வி' என்று மேசையில் அட்டை.
அட்டைக்குப் பக்கத்தில் என் அறிக்கையின் நகல்.
துணைச் செயலர் கண்ணாடியைக் கழற்றினார்.
"யார் சொல்லிப் பார்த்தீங்க?"
யாரும் சொல்லவில்லை.
"அப்ப, அனுமதியில்லாம."

அந்தச் சொல் பிரிவிலும் இருந்தது: அனுமதியின்றி.
அதன் பக்கத்தில் 'தீய நோக்கத்துடன்' என்று
இரண்டே சொல் சேர்க்கச் சொல்லி
மூன்று மணி நேரம் பேசினேன்.
தேநீர் வந்தது, முறுக்கு வந்தது.
சட்டத்துறைக்காரர் குறித்துக்கொண்டார்
பென்சிலால்.

நாற்பதாம் நாள். பதில் இல்லை.
இரண்டாவது சந்தில் லாரி நின்றபோது
ஒரு பேரை இரண்டு முறை கத்தினான் டிரைவர்.
பச்சைக் குடத்தோடு திரும்பினாள்.
அவளைப் பற்றி எனக்கு நான்கு வரி தெரியும்,
அவளுக்கு என் முகம்கூடத் தெரியாது.
தனியுரிமை பற்றி ஐம்பத்திரண்டு பக்கம்
எழுதிக் கொடுத்தவள் நான்.

இன்னும் ஐம்பது நாள்.
குடம் பிடித்துக் கொடுக்கிற சாக்கில்
காதோரம் குனிந்தேன்.
"அக்கா, கதவ தாழ்ப்பா போட்டுக்கோங்க."
"இன்னா?"
மறுபடி சொன்னேன்.
"இன்னாம்மா சொல்ற?"
காது மந்தம் என்பது
எனக்குத் தெரிந்த மூன்றாவது வரி.
மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்தினேன்.
வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

அவள் அதைவிடச் சத்தமாகக் கேட்டாள்:
"நான் போடறதில்லன்னு
உனக்கு எவன் சொன்னது?"

இருபது பேர். ஒரு டிரைவர். ஒரு கிளீனர்.
தண்ணீர் வழிந்து
என் செருப்பை நனைத்துக்கொண்டு போனது.
அன்றிரவு அந்தச் சந்தை
மூன்று முறை சுற்றி வந்தேன்,
நாய்கள் என்னைத்தான் குரைத்தன.

அறுபத்தொன்றாம் நாள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.
கடிதமில்லை, நன்றியில்லை.
அனுமதியின்றி இன்னொரு முறை ஐந்தைத் தட்டினேன்.
'அனுமதி இல்லை' என்றது திரை.

ஞானசவுந்தரி இப்போதெல்லாம் என்னைக் கண்டால்
குடத்தை எடுத்துக்கொண்டு
வரிசையின் மறுமுனைக்குப் போய்விடுகிறாள்.
தாழ்ப்பாள் போடுகிறாளா, தெரியாது.
தெரிந்துகொள்ள எனக்கு
வழியும் இல்லை.