ஒன்றிலிருந்து பத்துக்குள்

டிக்கோயா ஆஸ்பத்திரி, நாலாம் வார்டு.
இரவு இரண்டு மணிக்கு மேல்
சிக்னல் கிடைப்பது மருந்தலமாரி ஜன்னலோரம் மட்டும்.
அங்கே நின்றபடி படிக்கிறேன்
எஸ்பாஞோல்.

கண் என்றால் ஓஹோ.
முதல் நாள் சிரித்துவிட்டேன்,
ஏழாம் கட்டில் விழித்துக்கொண்டது.
மணிக்கட்டுக்கும் பொம்மைக்கும் ஒரே சொல், முஞேக்கா.
ஊசி ஏற்ற நரம்பு தேடும்போதெல்லாம் இனி
யாரோ ஒரு பிள்ளையின் பொம்மையைப் பிடித்திருப்பேன்.
அட்டைக்குப் பாடத்தில் சொல் இல்லை.
தேடி எடுத்தேன்: சாங்கிஹுவேலா.
அட்டையைவிட நீளம்.
நோயாளி ஒரு வீடியோவில் பதியெந்தே,
இன்னொன்றில் பசியெந்தே.
பதி கட்டாருக்குப் போய் மூன்று வருஷம், பேச்சில்லை.
பசி என்றே எழுதிக்கொண்டேன்
கொப்பியில்.

வலென்சியாவில் வயதானவர்கள் நிறையவாம்.
குளிப்பாட்ட, மாத்திரை கொடுக்க,
எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரிந்தால் போதும்
என்றான் ஏஜென்சிக்காரன்.
தோந்தே லே துவேலே.
கேட்டுவிடுவேன்.
பதிலுக்குத்தான் பயம்.

இங்கே
கடுக்குது என்பார்கள், குடையுது, சுள்ளுன்னு இழுக்குது,
விண்ணு விண்ணுன்னு தெறிக்குது,
ஒரு மாதிரியா இருக்குது மிஸ்ஸி.
அத்தனையும் சிங்களத்துக்கு அள்ளிப் போகையில்
பாதி வழியிலேயே சிந்திவிடும்.
மிச்சத்துக்கு டொக்டர் எழுதுவது ஒரு சொல்.
என் கொப்பியிலும் ஒரு சொல்தான், தொலோர்.

நேற்று பொகவந்தலாவையிலிருந்து
அம்புலன்ஸில் வந்தவள் பெயர் பூவாயி.
குப்புறத்தான் படுக்க முடிந்தது.
எனக்கு அன்றைக்குப் பாடம் பதினொன்று:
வலியை எண்ணில் சொல்லச் சொல்லுங்கள்.
பழகிப் பார்ப்போமே என்று கேட்டேன்,
தமிழில்தான்.
எவ்வளவு இருக்கும் அக்கா, ஒன்றிலிருந்து பத்துக்குள்?

தலையணையில் அழுந்திய வாய் சொன்னது:
"பதினாறு."
கொஞ்சம் பொறுத்து,
"பதினெட்டு இல்லாட்டி அரைப்பேர்தான் போடுவாங்க.
அந்த ரெண்டு கிலோவுக்குத்தான் திரும்ப மலை ஏறுனேன்.
வழுக்கிட்டுது."

தாளில் பத்துக்கு மேல் பெட்டி இல்லை.
பத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.
பிறகு டோர்ச் வெளிச்சத்தில் பதினாறைத் தேடினேன்.
தியெசிசெயிஸ்.
பத்தும் ஆறும்.
நம்மைப் போலத்தான் கூட்டுகிறார்கள்.

காலையில் அவளைக் கண்டிக்கு அனுப்பினார்கள்.
எஸ்பால்தா என்றால் முதுகு.
அதற்கு நேரே
இன்னும் எதுவும் எழுதவில்லை.