விகுதி

குளச்சல் இ-சேவை மையம்.
பதினேழாவது டோக்கன் மரியடல்மா.
வாரிசுச் சான்றுக்கு நாலாம் தடவை.
இங்கிலீஷ் படிவத்தைச் சத்தமாக வாசித்தேன்:
ஹெயர்ஷிப். ரிலேஷன்ஷிப்.
வள்ளம் யார் பேரில், ஓனர்ஷிப்.
சங்கத்தில் மெம்பர்ஷிப் நம்பர்.

"ஒக்கத்துலயும் கப்பலாக்கும்?" என்றாள்.

கொச்சிக்கு மேற்கே, விடியப்புறம் மூன்று மணிக்கு
வள்ளத்தின் மேல் ஏறிப் போனதும் ஒரு கப்பல்தான்.
ஆறு பேரைத் தூக்கினார்கள். ஒருவரைக் கண்டெடுத்தார்கள்.
சூசையடிமை இரண்டு கணக்கிலும் இல்லை.
கப்பல் நிற்கவில்லை.

இது வேற ஷிப்பு அக்கா, என்றேன்.
எழுத்து ஒண்ணு, ஆளு வேற.
தனியாக நிற்கத் தெரியாது இதற்கு;
ஒரு பெயரின் முதுகில் வந்து ஒட்டும்.
ஒட்டிவிட்டால், இன்னாராய் இருக்கிற இருப்பு
என்று பொருள்.
ஷேப் என்கிறோமே, வடிவம்,
அதற்குக் கூடப்பிறந்தது.

சொல்லாமல் விட்டது:
இன்னும் கீழே தோண்டினால்
வெட்டு, செதுக்கு என்கிறது அகராதி.
கடலில் போகிற கப்பலுக்கும்
வேர் பிளப்பதுதான் என்று சிலர் ஊகம்.

"தமிழ்ல அதுக்கு என்ன?"
மை, என்றேன்.
ஓனர்ஷிப்புக்கு உடைமை. பிறகு உரிமை, தோழமை.
"அவிய பேருலயும் உண்டும்லா!"
சிரித்துவிட்டாள்.
சிரித்ததற்காக உடனே
முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மண நிலை என்ற கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
உடம்பு இல்லையென்றால் ஏழு வருடம் ஆகவேண்டும்,
கல்குளம் தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.
ஆனது மூன்றேகால்.

இயந்திரம் அவள் ரேகையைப் பிடிக்கவில்லை.
உப்பும் ஐஸும் தின்ற விரல்.
காய்ந்த ஸ்டாம்ப் பேடில் தண்ணீர் சொட்டி
கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன்.

கையில் மை.
பள்ளிக்கூடத்தில் படித்த சொல்லொன்று
தொண்டைவரை வந்து நின்றது: கைம்மை.
கைக்கும் மைக்கும் நடுவே
ஒரு மெய் வேண்டும் அதற்கு.
கடல் இன்னும் தரவில்லை.

அறுபது ரூபாய்.
நூறாக நீட்டினாள், மீதி என்னிடம் இல்லை.
"அடுத்த தடவ கழிச்சுக்கோ" என்று எழுந்தாள்,
பதினெட்டாவது டோக்கனுக்கு வழிவிட்டு,
நீலப் பெருவிரலைத் தள்ளிப் பிடித்தபடி,
சேலையில் படாமல்.