நான்காம் தொலைபேசி

ஓக்லஹோமா சிட்டி, அறுபத்து நான்கு.
காலை ஏழு மணிக்கு வானம் ஒருமுறை வெடிக்கும்.
அலாரம் வைப்பதை ஊர் நிறுத்திவிட்டது.
மாலைக்குள் இன்னும் ஏழு முறை.

போர் இல்லை, ஒத்திகை.
ஒலியை முந்தப்போகும் பயணிகள் விமானம்
எங்கோ ஒரு வரைபட மேசையில் பென்சில் கோடாகக் கிடக்கிறது.
அது பிறந்தால் ஊர் தாங்குமா என்று பார்க்க
போர் விமானங்களை மேலே ஓட்டி
சத்தத்தை மட்டும் முன்கூட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

புகார் அலுவலகத்தில்
நான்காம் தொலைபேசி ஆர்விலாவுடையது.

ஓபல் ஹாட்செட்டின் குளியலறைக் கண்ணாடி.
எல்ட்ரிட்ஜின் கோழிகள் முட்டையிடுவதை விட்டுவிட்டன
(அதற்கு முன் இட்டனவா?
இந்தக் கேள்வி படிவத்தில் உண்டு).
கூரைப் பூச்சு பெயர்ந்து சூப்பில் விழுந்ததாக ஒருவர்,
பத்து இருபதுக்கு, செவ்வாய்க்கிழமை, சத்தியமாக.
செவ்வாய் முழுக்க மேகம்,
ஒரு விமானமும் எழும்பவில்லை.
ஆர்விலா அதையும் எழுதிக்கொண்டாள்.
காத்துக்கிடக்கும் காதுக்கு
வெடிக்காததும் கேட்கும்.

துண்டுப்பிரசுரம் வழவழப்பான தாளில் வந்தது:
லண்டனில் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினால்
நியூயார்க்கில் இறங்கும்போது
கடிகாரம் இன்னும் அந்தக் காப்பிக்கே வந்திருக்காது.

கிளியோட்டா பேங்க்ஸ் அதைப் படித்துவிட்டுக் கூப்பிட்டாள்.
"பஸ்ஸில் டல்சா போய்வரவே
நான் ஒரு மாதம் காசு சேர்க்கிறேன்.
இதில் ஏறப்போகிறவர் யாரம்மா?
அவர் வீட்டு ஜன்னல் எந்த ஊரில் இருக்கிறது?"
சேதமடைந்த பொருள் குறிப்பிடப்படவில்லை.
நிராகரிப்பு. இளஞ்சிவப்புப் பிரதி கோப்பில்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே
என்று சொல்லி வளர்ந்த மொழி என்னுடையது.
ஒலியின் வேகத்தைத் தாண்டும் இடத்தில்
பழமொழி தலைகீழாகத் திரும்பிப் படுக்கிறது.
யானை தலைக்கு மேல் கடந்து
பக்கத்து ஊர்க் கோதுமையில் நிழலை இழுத்துக்கொண்டிருக்கும்,
மணி அப்போதுதான் இங்கே அடிக்கும்.
அண்ணாந்து பார்த்தால்
நீலம் மட்டும். துடைத்து வைத்த மாதிரி.

டெல்மர் பிப்ரவரியிலேயே போய்விட்டிருந்தான்.
அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி,
உப்பு டப்பாவை அவள் பக்கம் நகர்த்திக்கொடுத்தபடி.
அவளுக்கு அது கேட்க ஏப்ரல் ஆயிற்று.
பெட்டி மூடிய சத்தம்
அப்படியொன்றும் பெரிதில்லை,
எதுவும் உடையவில்லை.

ஜூலை முப்பது, வியாழன், கடைசி வெடிப்பு.
(சில ஆண்டுகளில் திட்டத்தையே மூட்டை கட்டினார்கள்.
இங்கே மணி அடித்ததோடு சரி,
யானை பிறக்கவே இல்லை.
பழமொழிக்கு நான் என்ன பதில் சொல்ல?)

அன்று மாலை மற்ற மூன்று தொலைபேசிகளுக்கும்
உறை போட்டுவிட்டுப் போனார்கள்.
ஆர்விலா புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள்.
பெயர். முகவரி.
திருமணமானவரா: ஒரு கட்டத்தில் குறியிட்டு, அடித்து, மற்றதில் குறியிட்டாள்.
சேதமடைந்த பொருள்: பீங்கான் கோப்பை, ஜோடியில் ஒன்று,
கைப்பிடியிலிருந்து அடிவரை மயிரிழை விரிசல்,
காப்பி ஒழுகவில்லை.
கோரும் தொகை: ஒரு சிறு கோடு.

சேதம் நிகழ்ந்த நேரம்?

பேனா அங்கே நின்றது.
கடந்துபோன நேரத்தை எழுதுவதா,
கேட்ட நேரத்தை எழுதுவதா?
ஆறு மாதமாக எல்லோரிடமும் கேட்ட கேள்விதான்.
படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள்.
பின்பக்கத்தில்
ஒன்றும் அச்சிடவில்லை.