ஒரு எல் அதிகம்

டிக்டேஷனில் இருபது சொல்.
பதினேழாவது, நிட்.
நான் என்-னில் ஆரம்பித்தேன்.
என் பெஞ்சில் நாலு பேரும் அப்படித்தான்.
மிஸ் திட்டவில்லை. ஜன்னலைக் காட்டினார்.
காம்பவுண்டுக்கு அப்பால், மூன்றாம் மாடி உயரத்தில்,
சிவப்புப் பெயிண்டில் அதே சொல்,
முன்னால் ஒரு கே.
அந்த போர்டுக்குப் பின்னால் கறுத்தால்தான் மழை என்று
ஆறாவதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"கே இருக்குது, ஆனாச் சொல்லக்கூடாதுங்களா மிஸ்?"
"கூடாது. அது பேசாத எழுத்து."
"அப்பறம் எதுக்குங் மிஸ் வெச்சிருக்கறாங்க?"
கேட்டது லிபுன் நாயக்.
ஒடிசாவிலிருந்து ஐந்து வயதில் வந்தவன்,
தமிழில் என்னைவிட மூன்று மார்க் கூட.
'ங்' போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க
அவனுக்கு வராது.

பாண்டியன் நகரில் பஸ் ஏறி
புஷ்பா தியேட்டர் ஸ்டாப் வரை
கே எண்ணிக்கொண்டே வந்தோம். அறுபத்திரண்டு.
ஒரே ஒரு கம்பெனி மட்டும்
எங்களைப் போலவே எழுதியிருந்தது.
"அந்த ஓனருக்குத்தானுங் பெரிய வீடு" என்றான்.

வெள்ளிக்கிழமை பாட்டு.
அடுத்தடுத்த சொல் ஒரே ஒலியில் தொடங்கினால்
அதற்கொரு பெயர், அதற்கு ரெண்டு மார்க்.
தமிழய்யா மோனை என்று சொன்னதேதான்.
கே போட்ட சொல்லை கே போட்ட சொல்லோடு சேர்த்தேன்.
சிவப்பு மையில் சுழித்திருந்தார்:
கண்ணால் அல்ல, காதால் தேடு.

சனிக்கிழமை அம்மாவுக்கு ஒண்ணரை ஷிப்ட்.
தூக்குப் போசியோடு போனபோது
செக்கிங் டேபிள் முழுக்க மஞ்சள்,
கைக்குழந்தை டீசர்ட்டுகள்.
நெஞ்சில் பிரிண்ட். பியூட்டிஃபுல்.
வாய்க்குள் ஒருதரம் படித்தேன். மறுபடி எண்ணினேன்.
கடைசியில் ஒரு எல் அதிகம்.
இதே எல்லுக்குத்தான் போன வாரம்
எனக்கு அரை மார்க் போனது.

"அம்மா, இது தப்பு."
அவள் உடனே சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டாள்.
ஓட்டையா, எண்ணெயா, தையல் விட்டுதா?
துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்,
திருப்பினாள், இழுத்துப் பார்த்தாள்,
அம்பு நுனியில் விரலோடு நின்றாள்.
"எங்க கண்ணு? எங்க ஒட்டறது?"
நான் தொட்டுக் காட்டினேன்.
அந்த எல்லின் மேல் ஒட்டினாள்.
அடுத்த பீஸ், அதே இடம்.
அதற்கடுத்தது.

சூப்பர்வைசர் வந்தார். மெர்ச்சன்டைசர் வந்தார்.
நாலாயிரத்து எண்ணூறு பீஸ் என்று யாரோ சொன்னார்கள்.
போட்டோ எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள்.
அயர்ன் டேபிளில் ஆவி நின்றது.
அரை மணி நேரம் ஒருவரும் எதையும் மடிக்கவில்லை.
இங்கிலீஷால் நான் எதையாவது
நிறுத்தியது அதுதான் முதல் தடவை.
கால் நடுங்கியது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

போன் அடித்தது.
"பையர் குடுத்த ஆர்ட்வொர்க்கே அப்படித்தானுங்களாம்.
ஓக்கே சொல்லிட்டாங்க. பேக்கிங் போடுங்க."
மெர்ச்சன்டைசர் என்னைப் பார்த்தார்.
"எத்தனாவது பாப்பா?"
"பத்தாவதுங்."
"நல்லாப் படி."

நூற்றுப் பதினாலு ஸ்டிக்கரையும்
நகத்தால் உரித்தாள் அம்மா.
பசை துணியில் தங்காமல் பார்த்து உரிக்க வேண்டும்,
தங்கினால் அது டேமேஜ்.

பத்தரை மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள்.
போர்டுகள் ஒவ்வொன்றாக வந்து போயின.
தூங்குகிறாள் என்றிருந்தேன்.
"அந்த ரெண்டாவது எல்லு," என்றாள்,
"அது பேசற எழுத்தா, பேசாததா?"

எனக்குத் தெரியவில்லை.
திங்கட்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.
அரையாண்டில் அதே சொல் வந்தது.
ஒரு எல்தான் போட்டேன்.
அந்த அரை மார்க் எனக்கு வேண்டும்.