இருபத்தேழாம் அலை

மஃரிபுக்குப் பிறகு ஒலுவில் வளாகம்.
அன்டெனாவை அரைச் சாண் நகர்த்தினேன்.
கிடைத்ததும் போயிற்று.

நேரே வந்த அலையும்
இரும்பு அலுமாரியில் பட்டு வந்ததும்
ஒன்றையொன்று தின்னும் இடம் அது.

ஒற்றை அலையை நம்பியிருந்தால் அவ்வளவுதான்.
அறுபத்து நாலாய்ப் பிய்த்து அனுப்பியதில்
இருபத்தாறு முடம், இருபத்தேழு மௌத்து.
மற்றவை வந்துவிட்டன,
பிந்தி வரும் எதிரொலிக்கு
இடம் விட்டபடி.

வாளியோடு சுலைகா மாமி நுழைந்தார்.
திரையில் இருபத்தேழு எழும்பிற்று!

"அசையாதீங்க மாமி."
"என்ன மகன், பாம்பா?"

அவரில் பட்டுத்தான்
திரும்பியிருக்கிறது.

"அக்கரைப்பற்று பஸ் போயிரும்" என்று
இன்னும் நாலு நிமிஷம் நின்றார்.
போனதும் மறுபடி விழுந்தது.

அட்டவணையில், காரணம் என்ற கட்டத்தில்
எழுதினேன்:
சுலைகா மாமி.
ஒரு வாளித் தண்ணீர்.