இருநூறாவது மீட்டர்

சிறப்பு விருந்தினர் வரத் தாமதம்.
ஏழு மணிக்கு அசைய வேண்டிய கொடி
ஒன்பதே காலுக்கு அசைந்தது.
அதற்குள் கடல் விழித்துக்கொண்டது.

மஞ்சக்குப்பம் தாண்டினால் தேவனாம்பட்டினம் வரை
சாலை கிழக்கே போகிறது.
கொண்டல் நேர் நெஞ்சில்.
கரையில் வலை பிரிப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்,
அதனோடு ஒற்றை ஆளாக வழக்காட முடியாது.

நான் சுண்ணாம்புக் கோட்டருகே நிற்கிறேன்.
தோளெலும்பில் ஒரு தகடு, ஆறு திருகாணி.
துப்பட்டாவில் இன்னும் சிப்காட்டின் இரவு ஷிப்ட்.
கோட்டின்மேல் 200 என்று எழுதியிருக்கிறார்கள்.
ஐந்து வருடம் என் பந்தயம் முடிந்த இடம் இது.
வலப்பக்கம் விலகுவேன்,
தலை கவிழ்ந்து மூச்சைப் பொறுக்குவேன்,
பிறகு கூட்டத்தின் சத்தம்.
அதன் உயரத்தை வைத்தே
நீ முதலா இரண்டாவதா என்று சொல்லிவிடுவேன்.

சித்திரைச்செல்வி,
நாம் அதை ரயில் என்போம்.
ஃபெலிசியா இன்ஜின், அடுத்து நூர்நிஷா, அடுத்து நான்.
கடைசிப் பெட்டியில் கால்மேல் கால் போட்டு வரும் மகாராணி நீ என்பாள் நூரு.
ஃபெலிசியாவை ரயில்வே எடுத்துக்கொண்டது.
நிஜ ரயிலுக்கு இன்ஜின் போதவில்லை போலிருக்கிறது.
நூருவுக்குக் காரைக்காலில் கல்யாணம்.
மாமியார் வீட்டு மாடியில் துணிக்கயிற்றின் ஒரு முனை
அவள் சைக்கிளில் கட்டியிருக்கிறதாம்.
எனக்கு நெல்லிக்குப்பம் வளைவில் கரும்புச் சோகை.
சோகைமேல் டயர்.
அவ்வளவுதான்.

சங்கம் உனக்கு இரண்டு பேரைத் தந்திருக்கிறது.
பதினேழு வயசு. நல்ல பிள்ளைகள்.
ஒருத்தி உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள்,
இன்னொருத்தி பார்ப்பதே இல்லை.
கெடிலம் பாலம் ஏறும்போது உன் முன்னால் இருந்தார்கள்,
இறங்கும்போது இல்லை
என்றது ஒலிபெருக்கி.

போன மாதம் விழுப்புரத்தில் ஐந்தாவது வந்தாய்.
பழைய வேகம் இல்லை என்று பேப்பரில் போட்டார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
உன்னிடம் இருப்பது எப்போதும் ஒரே தீக்குச்சி.
அது இன்னும் நமத்துப் போகவில்லை.
உரசும்வரை யாராவது கை குவித்திருக்க வேண்டும்.

வருகிறாய்.
நானூறிலேயே வெளியே வந்துவிட்டாய்.
வரக்கூடாது, உனக்கும் தெரியும்.
திருச்சிக்காரியின் முதுகைப் பிடிக்கப் பார்த்தாய்,
அவள் உன்னைத் தடுப்புக் கம்பிவரை ஒதுக்கிவிட்டாள்.
வேறு வழியில்லாமல் எழுந்து நின்று மிதிக்கிறாய்.

முந்நூறு.
அப்போதுதான் உன் முகத்தைப் பார்த்தேன்.

ஒரே லாட்ஜ் அறை, ஒரே வாளித் தண்ணீர்.
உன் தூக்க முகம், சண்டை முகம், மாதவலி முகம்
எல்லாம் எனக்கு மனப்பாடம்.
இந்த முகம் மட்டும் எப்போதும் எனக்குப் பின்னால் இருந்தது.
பின்கழுத்தில் படும் மூச்சாகத்தான் தெரியும்.
உதடு பிளந்து, ஒரு கண் சுருங்கி,
அழுகைக்கும் கடிப்பதற்கும் நடுவில் எங்கோ.

என்னையறியாமல் குனிந்தேன்.
தகடு உள்ள தோள் முன்னால் போனது.
இல்லாத ஹேண்டில்பாரை விரல்கள் இறுக்கின.
என்னம்மா, மயக்கமா என்றார் பக்கத்தில் சுண்டல்காரர்.

கோட்டில், என் கோட்டில்,
நீ ஹேண்டிலை ஒரு இம்மி இடப்பக்கம் சாய்த்தாய்.
நான் விலக இடம் விடுகிற பழக்கம்.
யாரும் விலகவில்லை.
அந்த இம்மிக்குள் மூன்று பேர் போனார்கள்.

முதன்முறையாக அந்தக் கோட்டைத் தாண்டி நடந்தேன்.
மணல் ஏறிய தார். ஒரு ஐஸ் வண்டி.
யாரோ தவறவிட்ட ஒற்றைச் செருப்பு.
இருநூறு மீட்டர் இவ்வளவு நீளமா?

நீ சைக்கிள்மேல் கவிழ்ந்திருந்தாய்.
நல்ல கையால் பாட்டிலை நீட்டினேன்.
நாலாவது என்று நீயும் சொல்லவில்லை, நானும்.
ஒரு வாய் குடித்தாய்,
ஒரு வாய் துப்பினாய்,
நிமிராமலே சொன்னாய்:

"முன்னால யாருமே இல்லடி.
இந்த ரோட்டுலேந்து கடல் தெரியும்னு
எனக்குத் தெரியவே தெரியாது."