மைனஸ் இருபத்திரண்டு

கேட்டில் இரும்பு ஊசியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.
அதனால் இது
சீனச் சாப்பாட்டுக் கடைக் குச்சி இரண்டு,
கேம்ப் வாசல் சிமெண்டில் தேய்த்துக் கூராக்கியது.

ஜூலை. தம்மாமில் நாற்பத்தேழு.
கம்பளி நூல் கேட்டதும் கடைக்காரன்
என் நெற்றியைத்தான் பார்த்தான், காய்ச்சலோ என்று.
அவனுக்கு எப்படிச் சொல்வது,
ரப்பர் திரையைத் தள்ளினால் உள்ளே
உறைந்த கோழிகளின் ஊர் இருக்கிறது,
கம்பெனி ஜாக்கெட் காலருக்கும் காதுக்கும் நடுவே
நாலு விரல் அகலம்
யார் கணக்கிலும் வராது என்று.

ஒரு கண்ணி மேடு, ஒரு கண்ணி பள்ளம்.
அடுத்த வரிசையில் மேட்டின்மேல் பள்ளம்.
கடுகு சிந்தியது போல் வரவேண்டும்.
நாற்பதாவது வரிசையில் அருள்செல்வி போன்:
வீட்டு வரி, போர்வெல், சாப்டாச்சா.
ம்ம் கொட்டிக்கொண்டே
நாலு மேடு சேர்த்துப் போட்டுவிட்டேன்.
பிரிக்கவில்லை.
மேல்கட்டிலில் தாவூத்கான் சிரித்தான்,
ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு.

இன்று கழுத்தில் சுற்றி ஃபோர்க்லிஃப்ட் ஏறினேன்.
மூன்றாவது ரேக் திரும்புவதற்குள்
மூச்சு கம்பளியில் உறைந்து
மேடெல்லாம் வெள்ளை,
பள்ளம் அப்படியே சாம்பல்.
பக்கக் கண்ணாடியில் பார்த்தேன்.
அவள் பேசிய இடம் மட்டும்
கொஞ்சம் நீளமான வெள்ளை.

டீக்கு வெளியே வந்தால்
ஒரு நிமிஷம் தாங்காது அது.
ஈரக் கழுத்தோடு நிற்கிறேன்,
வேர்வை என்று நினைக்கிறார்கள்.
தாவூத்கான் வந்து தொட்டுப் பார்த்தான்.
பழுப்பில் கிடைக்குமா என்றான்.